ஓர் அங்குலப் பித்தளை வால்வும் ஒரு செவ்வாய்ப்பேட்டைக் கடையும்

வாங்கிய பொருள்: 25 மி.மீ. அளவுள்ள, நீளக் கைப்பிடி வைத்த பித்தளைப் பால் வால்வு (உள்ளே துளையிட்ட பந்து ஒன்று திரும்பித் தண்ணீரைத் திறந்து மூடும் வகை). வாங்கிய இடம்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய ஹார்டுவேர் கடை. பொருத்திய இடம்: அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் வாய். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்வுக்கு 5-க்கு 4. கடைக்கு 5-க்கு 4½. இவற்றுக்கு முன்னால் வந்து போன பிளாஸ்டிக் வால்வுக்கு 1. அந்த ஒன்றும், உடைகிறவரை அது ஒழுகவில்லை என்பதற்காக. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. ஆகையால் வழிமுறையையும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் விட்டுவிட்டு வரும் மேட்டூர்த் தண்ணீர் தரைத் தொட்டிக்குப் போகும். குடிக்க, சமைக்க அதுதான். குளிக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாம் போர் தண்ணீர். அது மோட்டார் வழியாக மாடியிலுள்ள 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு ஏறி, ஒரே குழாயாக இறங்கி, மேலே குடியிருப்பவர்களுக்கும் கீழே எங்களுக்கும் பிரிகிறது. அந்த ஒரே குழாய் தொட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் மெயின் வால்வு. வீட்டில் எந்த மூலையில் எந்தக் குழாய் உடைந்தாலும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

தை மாதத்தில் ஒரு காலை, மாடி வீட்டுச் சலவை இயந்திரத்துக்குப் போகும் குழாயின் கழுத்து முறிந்தது. குடியிருக்கும் பையன் மொட்டைமாடிக்கு ஓடி, வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருகியிருக்கிறான். முதல் அரைச்சுற்று மிகவும் இறுக்கமாக இருந்ததாம். பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தம். அதன் பிறகு சக்கரம் சுற்றியது. விரல் நுனியால் தள்ளினாலே சுற்றியது, இந்தப் பக்கமும் சுற்றியது, அந்தப் பக்கமும் சுற்றியது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. “டீச்சர், மூடிவிட்டேன், ஆனால் வருகிறது!” என்று மேலிருந்து கத்தினான். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு வழியாக இறங்கிய தண்ணீர் வாசல் கோலத்தைக் கரைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. தொட்டி காலியாகும்வரை, இருக்கிற வாளி அண்டாக்களை எல்லாம் கொண்டுபோய் முறிந்த குழாய்க்கு அடியில் மாற்றி மாற்றி வைப்பதைத் தவிர எங்களால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

அது பழைய காலத்துக் கேட் வால்வு. வீடு கட்டியபோது என் கணவர் பார்த்துப் பார்த்து வாங்கியது, உடம்பு கன்மெட்டல் என்ற தாமிரக் கலவை, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. தாமிரக் கலவையில் செய்த கேட் வால்வுகளுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 778. அந்த எண் அதன் உடம்பிலேயே புடைப்பெழுத்தில் இருந்தது. பொருளில் குறை சொல்ல முடியாது. அப்படியானால் ஏன் கைவிட்டது என்பதை, அதைச் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வைஸில் பிடித்துத் திறந்து காட்டியபோதுதான் பார்த்தேன்.

சக்கரத்தோடு ஒட்டிய தண்டு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் மரை. அந்த மரையில் ஏறி இறங்கும் ஆப்பு ஒன்று. சக்கரத்தைத் திருகினால் ஆப்பு கீழே இறங்கித் தண்ணீர் வழியை அடைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திருகினால் மேலே உள்ள கூட்டுக்குள் ஏறிவிட வேண்டும். எங்கள் ஆப்பு வருடக்கணக்காக மேலேயே உட்கார்ந்திருந்தது. மெயின் வால்வை யார் தினமும் மூடுகிறார்கள்? அந்தக் கூட்டுக்குள் வெள்ளையாக உப்பு கட்டி, ஆப்பைச் சுற்றிச் சிமென்ட் போட்டதுபோல் பிடித்திருந்தது. ஆப்பு நகர மறுத்தது, பையன் பலத்தைக் காட்டினான், நடுவில் மாட்டிக்கொண்ட மரை பிய்ந்துவிட்டது. தண்டின் நுனியை என் உள்ளங்கையில் வைத்தார் கடைக்காரர். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் அங்கே செங்கல் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. தண்டு பித்தளை. பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கின்றன. சில தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு, ஓட்டை ஓட்டையான தாமிரத்தை விட்டுவைக்கும். வெளியே பார்த்தால் முழு உருவம். உள்ளே சத்து இல்லை.

சேலத்துக்காரர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்த் தவலையைச் சுரண்டாத வீடு ஏது? தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். மாமாங்கம், வெள்ளைக்கல்பட்டிப் பக்கம் பாளம் பாளமாக வெட்டி எடுக்கிறார்களே, அந்த வெள்ளைக்கல்லே மக்னீசியம் கார்பனேட்தான். இந்திய குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 600வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது வந்த எண் அந்த 600-ஐயும் தாண்டியது. குடிப்பதில்லை என்பதால் உடம்புக்குக் கவலையில்லை. வால்வு குடித்துக்கொண்டே இருக்கிறது.

இதற்கு நேர்மாறு ஏற்காட்டில் என் தங்கை வீடு. அங்கே ஊற்றுத் தண்ணீர். குளித்தால் சோப்பு நுரை உடம்பை விட்டு இறங்க மறுக்கும். அவள் வீட்டிலும் இதே மாதிரிக் கேட் வால்வு, எங்கள் வால்வைவிட வயதில் மூத்தது. போன கோடையில் போனபோது திருகிப் பார்த்தேன். முனகிக்கொண்டே முழுவதும் மூடியது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்வின் ஆயுள் மாறிவிடுகிறது. எனவே இணையத்தில் யாரோ எந்த ஊரிலிருந்தோ ‘கேட் வால்வுதான் ராஜா’ என்று எழுதுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர் வீட்டுத் தண்ணீர் எது என்று முதலில் கேளுங்கள். நான் எழுதுவதும் போர் தண்ணீர்க்காரர்களுக்குத்தான்.

அன்று காலைக்குத் திரும்புகிறேன். பையன் தன் செல்பேசியில் ஒரு வீட்டுச் சேவை நிறுவனத்தைப் பிடித்தான். சீருடை போட்ட இளைஞர் ஒருவர் வந்தார், கும்பிட்டார், காலணிக்கு உறை மாட்டிக்கொண்டார், படம் எடுத்தார். வால்வை மாற்ற முடியாது. தொட்டியிலிருந்து கீழ்வரை முழுக் குழாயையும் புதிதாகப் போட வேண்டும். தோராயமாக 18,000 ரூபாய் ஆகும் என்றார். வால்வு போனதற்கு எதற்குக் குழாயை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். “கம்பெனி விதி அம்மா” என்றார். பார்வையிட்ட கட்டணம் என்று 199 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மரியாதைக்குக் குறைவில்லை. வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு தெருமுனையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிளம்பர் வந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் பால் வால்வு ஒன்றை, குழாயை அறுத்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டுப் போனார். வால்வு 180 ரூபாய், கூலி 400. அன்றைக்கு அவர் தெய்வம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வால்வு மொட்டைமாடியில் தெற்கு வெயிலில் நின்றது. பங்குனி வெயிலையும் சித்திரை வெயிலையும் வாங்கி, கைப்பிடியின் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பானது. ஆனி மாதத்தில் தொட்டி கழுவ ஆள் வந்தபோது மூடப் பார்த்தார். உள்ளே பந்து உப்பில் பிடித்திருக்கிறது, வெளியே கைப்பிடி வெயிலில் மொரமொரத்திருக்கிறது. கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. ‘உங்களுடையது’ என்பதுபோல் என்னிடம் நீட்டினார்.

பிளாஸ்டிக் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. நிழலில், நல்ல தண்ணீர்க் குழாயில், கனமான ஷெட்யூல் 80 வகை வால்வு போட்டவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஒட்டுகிற வகையில் எனக்கிருக்கும் பெரிய வருத்தம் வேறு. இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் அதைக் கழற்றவே முடியாது. மாற்ற வேண்டுமானால் குழாயை அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் நான்கு விரற்கடை குட்டையாகும். கடைசியில் அந்தச் சீருடைப் பையன் சொன்னபடி முழுக் குழாயையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

இந்த முறை நிதானமாக வாங்குவது என்று முடிவு செய்தேன். முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் குளிர்சாதனம் போட்ட சானிட்டரி ஷோரூம். குளியலறைக் குழாய்களைப் புடவைக்கடை மாதிரி விளக்குப் போட்டு அடுக்கியிருந்தார்கள். மெயின் வால்வு வேண்டும், உள்ளே முழுத்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். விற்பனைப் பையன் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, “வீட்டில் சாரை அனுப்புங்கள் அம்மா, அவருக்குச் சொன்னால் புரியும்” என்றான். சார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது என்று சொல்ல நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது, வந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு வழி சொன்னது அந்தத் தெருமுனைப் பிளம்பர்தான். லீ பஜார்ப் பக்கம், மூட்டை வண்டிகளுக்கு நடுவே நடந்து போக வேண்டும். கார் கொண்டுபோனால் நிறுத்த இடமில்லை. ஆட்டோக்காரரும் முனையிலேயே இறக்கிவிடுவார். அரை மதிப்பெண்ணை இதற்காகத்தான் குறைத்தேன். கடை அகலம் இரண்டு ஆள் கை நீட்டினால் முடிந்துவிடும்; நீளம் பின்தெருவரை போகிறது. நட்டு போல்ட்டு எல்லாம் எடை போட்டுத்தான். கல்லாவில் ஒரு பெரியவர், பக்கத்தில் கணினி வைத்துக்கொண்டு அவர் மகன். பில் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். செல்பேசியில் பணம் அனுப்பலாம்.

பெரியவர் என்னிடம் எந்தக் கம்பெனி வேண்டும் என்று கேட்கவில்லை. “எந்தத் தண்ணீர்? எந்த இடம்? பழசு எங்கே?” என்று மூன்று கேள்விதான். பழைய கேட் வால்வைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். மேலே சொன்ன அறுவைச் சிகிச்சை அப்போதுதான் நடந்தது. பிறகு மேசையில் மூன்று வால்வுகளை வரிசையாக வைத்தார். ஒன்று 350 ரூபாய், ஒன்று 820, ஒன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1,300-க்குச் சற்று மேல்.

“விலையைப் பார்க்காதீர்கள் டீச்சர், துளையைப் பாருங்கள்” என்றார். 350 ரூபாய் வால்வைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். வெளிவாய் ஓர் அங்குலம். உள்ளே பந்தின் துளை சுண்டுவிரல் போகும் அளவுக்கு அடுத்த நிலைதான். 820 ரூபாய் வால்வில் வாயும் துளையும் ஏறக்குறைய ஒன்று. இதைத்தான் முழுத்துளை என்கிறார்கள். என் பழைய தொழில் தலைதூக்கியது. 25 மி.மீ. குழாயில் 20 மி.மீ. துளை என்றால், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64. தண்ணீர் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம். அந்தக் குறுகிய துளைக்குள் உப்பும் படிந்தால் மிச்சம் என்ன? மாடி வீட்டில் ஷவர் சொட்டுகிறது என்று குடியிருப்பவர் வந்து நிற்பதுதான் மிச்சம்.

அடுத்து அழுத்தம். வால்வின் உடம்பில் பி.என். 16, பி.என். 25 என்று அச்சிட்டிருப்பார்கள். கடைகளில் அதைக் காட்டி, “25 தாங்கும் அம்மா, இதையே எடுங்கள்” என்பார்கள். பி.என். 16 என்றால் 16 பார், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் ஒரு கிலோ அழுத்தம் வரும். என் வால்வு தொட்டியின் வாயிலேயே இருக்கிறது. அதற்கு மேலே நிற்பது தொட்டிக்குள் இருக்கும் ஒரு மீட்டர் தண்ணீர் மட்டும், அழுத்தம் 0.1 கிலோ. இதற்கு எதற்கு 25? நம் வீட்டு மாடியில் எந்த வால்வும் அழுத்தத்தால் சாவதில்லை. உப்பாலும் வெயிலாலும் திருப்பாமல் விட்டதாலும்தான் சாகிறது. பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டு மகனைக் கூப்பிட்டு, “கேட்டுக்கொள்” என்றார்.

மூன்றாவதாக, வாயால் ஊதும் சோதனை. வால்வை மூடி, ஒரு வாயைத் துணியால் துடைத்து, உதட்டை வைத்து முழு மூச்சாக ஊத வேண்டும். மறுபக்கம் கன்னத்தை வைத்தால் காற்று கசிகிறதா என்று தெரிந்துவிடும். கூச்சப்பட வேண்டாம், கடையில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். 350 ரூபாய் வால்வு இதில் தேறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதில் எல்லாம் தேறும். பந்துக்கு இருபுறமும் டெஃப்லான் வளையம் புதிதாக இருக்கிறதே. வித்தியாசம் எடையில் இருந்தது. இரண்டையும் இரண்டு கையில் ஏந்தினால் போதும், தராசு வேண்டாம். மலிவானதில் உடம்பு மெல்லிய தகடு. பைப் ரென்ச் போட்டு இறுக்கினால் நீள்வட்டமாகும். பந்தின் மேல் பூச்சும் அப்படித்தான். பூச்சு உரிந்தால் உப்பு பிடிக்க ஒரு கைப்பிடி கிடைத்ததுபோல்தான் என்றார் பெரியவர்.

ஸ்டெயின்லெஸ் வால்வின் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. உருக்காலை இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு பித்தளையா என்றேன். “நம் ஆலையில் தகடுதான் உருட்டுகிறார்கள், இது வேறு எங்கோ வார்த்தது. உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை” என்று அவரே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். 500 ரூபாய் அதிகம் விற்க வேண்டிய இடத்தில் வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் அண்மையில் வேறெங்கும் பார்க்கவில்லை. கூடவே இரண்டு யூனியன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை நான் தட்டவில்லை. வால்வுக்கு இரண்டு பக்கமும் யூனியன் இருந்தால், நாளைக்கு அதன் நட்டைக் கழற்றி வால்வை மட்டும் வெளியே எடுக்கலாம்; குழாயில் ரம்பம் படாது. சேர்த்து 1,100-க்குள் முடிந்தது. ஒரு நிபந்தனை மட்டும் கறாராகச் சொன்னார்: மரையில் டேப் சுற்றிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம். நியாயம்தான்.

பொருத்தியது அதே தெருமுனைப் பிளம்பர். பகல் முழுவதும் மோட்டார் போடாமல், இருக்கிற தண்ணீரில் துவைத்துக் கழுவித் தொட்டியைப் பாதிக்கும் கீழே இறக்கிவைத்திருந்தோம். அவர் ஒரு குச்சியில் பழைய லுங்கித் துணியைச் சுற்றி, தொட்டிக்குள் கையை விட்டு, வாயை உள்ளிருந்தே அடைத்தார். தண்ணீர் அப்படியே நின்றது. லாரித் தண்ணீர் விற்கும் விலையில் முழுத் தொட்டியையும் கொட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

இரண்டு விஷயங்களை நின்று பார்த்துக்கொண்டேன், நீங்களும் பாருங்கள். ஒன்று, பிளாஸ்டிக்கையும் பித்தளையையும் சேர்க்கும் இடம். பிளாஸ்டிக்கில் வெளிமரை, பித்தளையில் உள்மரை என்றுதான் வர வேண்டும். மாற்றிப்போட்டு, பித்தளை மரையைப் பிளாஸ்டிக் வாய்க்குள் இறுக்கினால், இன்றைக்கு இல்லையென்றாலும் ஒரு நாள் அந்த வாய் பிளந்துகொள்ளும். டெஃப்லான் டேப்பும் மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். இரண்டாவது, கனம். பித்தளை வால்வும் இரண்டு யூனியனும் சேர்ந்து பிளாஸ்டிக் குழாயில் தொங்கினால், தொட்டிக் கழுத்துக்குத்தான் வேதனை. பிளம்பர் அடியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். சுவரில் கிளாம்ப் அடித்தால்தான் கூலி என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். கைப்பிடி முழுக் கால்வட்டம் திரும்ப இடமிருக்கிறதா, சுவரில் இடிக்கிறதா என்பதையும் இறுக்குவதற்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது. இடம் இல்லாதவர்களுக்கு வண்ணத்துப்பூச்சி வடிவக் கைப்பிடி வைத்ததும் கிடைக்கிறது. கூலி 600.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக நின்றால் மூடல். படிக்கட்டிலிருந்து தலையை நீட்டினாலே தெரியும். சக்கர வால்வில் இந்த வசதி கிடையாது. நடுவில் கீழே சமையலறைக் குழாய் ஒருமுறை போனது. மேலே போய் ஒரே தள்ளு, தண்ணீர் சொட்டுகூட விழாமல் நின்றது. மாதத்துக்கு ஒரு தடவை, அமாவாசையன்று, மூடித் திறந்துவிடுகிறேன். அமாவாசைக்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு நாள் மறக்காது என்பதற்காக. அப்படித் திருப்பும்போது டெஃப்லான் வளையம் பந்தின் மேலுள்ள மெல்லிய உப்பை வழித்துவிடுகிறது. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் இந்த வால்வும் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

குறைந்த ஒரு மதிப்பெண் எங்கே என்று கேட்பீர்கள். உடம்பு பித்தளை, கைப்பிடி வெறும் இரும்பு. மேலே போட்ட நீல உறை முதல் கோடையிலேயே வெடித்து உரிந்தது, அடியில் துரு. கைப்பிடியைப் பிடிக்கும் நட்டிலும் துரு. இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் அந்த ஒரு கைப்பிடியையும் நட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? நான் கொஞ்சம் பெயின்ட் அடித்துவைத்திருக்கிறேன். இன்னொன்று, ஐப்பசி மழைக்குப் பிறகு தண்டின் அடியில் ஈரம் தெரிந்தது. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் கிளாண்ட் நட்டை ஸ்பானரால் கால்சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது. பிளம்பரைக் கூப்பிடவில்லை.

மாடிப் பையன் ஒருநாள் கீழே தண்ணீர் வேகம் அதிகம் என்று வால்வைப் பாதி மூடி வைத்திருந்தான். அதற்குப் பலமாகத் திட்டினேன். இந்த வகை வால்வு முழுவதும் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுவதும் மூடியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் வளையத்தின் ஒரே பக்கத்தை அரித்து, பிறகு மூடினாலும் கசியும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் அந்தந்தக் குழாய்க்கு அடியில் ஆங்கிள் காக் இருக்கிறது, அதைத் திருகட்டும்.

பேர்லேண்ட்ஸில் இருக்கும் என் தோழியும் இதே கடையில் இதே வால்வை வாங்கினாள். அவள் பிளம்பர் யூனியன் எதற்கு வீண்செலவு என்று சொல்லிக் கழித்துவிட்டாராம். அந்தச் செலவை அவள் எப்போது, எவ்வளவாகக் கொடுப்பாள் என்பது தண்ணீருக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் அடுத்து நிற்பது கீழ்க் குளியலறைச் சுவருக்குள் புதைத்த ஸ்டாப் காக். அதுவும் இறுகிவிட்டது. டைலை உடைக்க வேண்டும், அந்த நிற டைல் இப்போது வருவதில்லை என்று இரண்டு பேர் பயமுறுத்திவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரிடம் கேட்டேன். உடம்பு சுவருக்குள்ளேயே இருக்கட்டும், முன்பக்க மூடியைக் கழற்றித் தண்டை மட்டும் திருகி எடுத்து வாருங்கள், அதே மரையில் புதுத் தண்டு இருக்கிறதா பார்க்கலாம் என்றார். மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டு, பிளம்பர் நேற்று அதைக் கழற்றிக் கொடுத்தார். பழைய சாக்ஸ் ஒன்றில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு கடை விடுமுறை. திங்கட்கிழமை காலை போகிறேன்.